வாப்பாவின் கடலில் பாதி

ஸ்ஃபாக்ஸ், 4 மே 1997

அன்புள்ள தய்யிப் அண்ணனுக்கு,

ஜலீலாவின் ஸலாம். மப்ரூக்கா அண்ணியின் இருமல் தேவலையா?

பெட்ரோலியக் குழாய் உடைந்து நம் தீவுக் கடலில் எண்ணெய் பரவி மூன்று வாரமாகிறது. சேற்றை வழித்தெடுக்க இயந்திரம் அனுப்புவோம் என்று அதிகாரிகள் சம்மதத் தாளோடு அலைவார்கள். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இயந்திரம் கடற்புல்லை வேரோடு பிடுங்கிவிடும். மிச்ச எண்ணெயை அடிச்சேற்றில் புதைத்துவிடும். அங்கே காற்று கிடையாது, எத்தனை வருடமானாலும் அப்படியே கிடக்கும்.

மேல் சேற்றில் எண்ணெயையே தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. எண்ணெய் வந்ததும் அவை பல்கிப் பெருகியிருக்கும். ஆனால் எண்ணெய் மட்டும் அவற்றுக்குப் போதாது, உரமும் வேண்டும். படகில் மூட்டைகள் அனுப்பியிருக்கிறேன். தீவு வழக்கப்படி வாப்பா கம்பு நட்டு நம் இருவருக்கும் பிரித்துக் கொடுத்த கடலில், சிவப்புக் கயிறு கட்டியது உங்கள் பாதிக்கு, நீலக் கயிறு என் பாதிக்கு. திங்கட்கிழமைதோறும் கடல் வற்றும் நேரத்தில் தூவுங்கள். வாராவாரம் இரண்டு பாதியிலும் ஒவ்வொரு ஜாடி சேறு எடுத்து, பனிக்கட்டியில் வைத்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். கணக்கு சரியாக வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடலாம்.

உங்கள் தங்கை,
ஜலீலா


க்ராத்தேன், 9 ஜூன்

தங்கை ஜலீலாவுக்கு,

அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது, இப்போது வாய்தான் நிற்கவில்லை. "வீட்ல இருக்குற வாய்க்கு மீனில்ல, சேத்துல இருக்குற வாய்க்குத் தீனியா?" என்கிறாள். பக்கத்துக் கடல்காரன் ஹம்மாதி படகிலிருந்தே கத்துகிறான்: "என்ன தய்யிப், கோழிக்கு எறைக்கிறியா? முட்டை எப்ப வரும்?"

"வந்ததும் உன் தலையிலதான் முதல்ல உடைப்பேன், போடா" என்றேன்.

இருப்புக்கொள்ளவில்லை ஜலீலா. ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கிறேன். செப்டம்பரில் கடலில் பேரீச்ச மட்டைகளை நட்டு, மீனை மடக்கிப் பிடிக்கும் வேலி கட்டியாக வேண்டும். இல்லையென்றால் குளிர்காலம் முழுக்கப் பட்டினிதான். என் பாதியில் கறுப்பு வெளிறி, புழு வளைகள் தெரிகின்றன. உன் பாதி தார் ஊற்றியது மாதிரியே கிடக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

தய்யிப்


ஸ்ஃபாக்ஸ், 21 ஜூலை

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். எனக்குத் தலை சுற்றுகிறது. முதல் ஐந்து ஜாடிகள் நினைத்தபடியே இருந்தன. உங்கள் பாதியில் எண்ணெய் குறைந்தது, என் பாதியில் அப்படியே இருந்தது. ஆறாவதிலிருந்து என் பாதியிலும் குறைகிறது. மூன்று தடவை சோதித்துவிட்டேன். "ஜாடி மாறிப் போச்சா?" என்று பேராசிரியர் கேட்கிறார். இயந்திரம் வேண்டுமா என்று முடிவு செய்யும் குழு ஆகஸ்ட் பத்தாம் தேதி கூடுகிறது. உரத்தால் குறைந்ததா, தானாகவே குறைந்ததா என்பதைத்தான் அவர்கள் கேட்பார்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இருந்தால்தான் நான் பதில் சொல்ல முடியும்.

மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நீலக் கயிற்று மூட்டையில் இருப்பது, உரம் மாதிரியே தெரியச் சாயமேற்றிய வெறும் மணல். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாதி உரமில்லாமல் இருக்க வேண்டும், தூவுகிறவருக்கும் அது தெரியக்கூடாது. அதுதான் முறை. உங்கள் பாதி பிழைக்கட்டும் என்று என் பாதியை மணலுக்கு விட்டேன். நீங்கள் எதையாவது மாற்றிப் போட்டீர்களா?

ஜலீலா


க்ராத்தேன், 2 ஆகஸ்ட்

ஜலீலாவுக்கு,

மணலா? தோள் தோல் உரிய நான் சுமந்தது மணலா? கடலுக்குள் இல்லாத மணலையா ஸ்ஃபாக்ஸிலிருந்து கப்பலேற்றினாய்?

ஆமாம், மாற்றித்தான் போட்டேன். சிவப்பு மூட்டைதான் வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, என் பங்கை மட்டும் தேற்றிக்கொண்டு தங்கை பங்கை நாறவிடுவேனா? ஐந்தாம் வாரத்திலிருந்து சிவப்பில் பாதியை உன் பக்கம் தூவினேன். வாப்பா இருந்திருந்தால் முழுசாகவே தூவச் சொல்லியிருப்பார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அண்ணா, இது மணல், ஆனாலும் தூவுங்க" என்றிருந்தால் தூவியிருப்பேன். என்னை நம்பவில்லை, ஜாடியை நம்பினாய். நெஞ்சு எரிகிறது.

உன் கடிதம் வந்த அன்றே அதிகாரியும் வந்தான். என் பாதிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தய்யிப்


ஸ்ஃபாக்ஸ், 11 ஆகஸ்ட்

அண்ணா,

குழுவிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டார். "அப்ப ஆதாரம்னு ஒண்ணுமில்லையேம்மா" என்று எழுந்துபோனார்கள். இயந்திரம் இந்த மாதமே வரும். என் பாதிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதை அவர்கள் தொட முடியாது. உங்கள் பாதியில்தான் புழுக்கள் திரும்பியிருக்கின்றன, புல் துளிர்க்கிறது. தயவுசெய்து தாளைத் திரும்ப வாங்குங்கள்.

உங்களிடம் மறைத்தது தப்பு. முறை என்று ஆயிரம் சொன்னாலும் தப்புதான்.

ஜலீலா


க்ராத்தேன், 29 ஆகஸ்ட்

ஜலீலாவுக்கு,

தாளைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டான். கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். பிறகு பிரெஞ்சில் எழுதியிருந்த அதன் நகலை ரெமிலா ஊர் வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அளவு ஒன்றுமே எழுதவில்லை. "தய்யிபின் எல்லைக் கம்புகளுக்கு இடையிலுள்ள கடல்" என்றுதான் இருக்கிறது.

மறுநாள் காலை கடல் வற்றியதும் இறங்கி, நம் இருவருக்கும் நடுவில் வாப்பா நட்ட கம்புகளைப் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டுபோய் ஹம்மாதியின் எல்லையோரம், இரண்டு படகு அகலம் மட்டும் விட்டு நட்டேன். ஹம்மாதி பார்த்துக்கொண்டே நின்றான்.

இயந்திரத்தோடு வந்த அதிகாரி வாய் பிளந்தான். "இவ்வளவுதானா உன் கடல்?" என்றான். ஹம்மாதி முந்திக்கொண்டான்: "இவன் பாவம் சார். வாப்பாவுக்கு மக மேலதான் பாசம். எல்லாத்தையும் அவளுக்கே குடுத்துட்டாரு!"

அந்த இரண்டு படகு அகலத்தை வழித்தார்கள். புல் வேரோடு வந்தது, தண்ணீர் கலங்கிக் கறுப்பானது. கரையில் உட்கார்ந்து அழுதேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. நேற்று அங்கே ஒரு கணவாய்க் குஞ்சைப் பார்த்தேன்.

இனி கம்புகளைப் பழைய இடத்துக்கு நகர்த்தினால் மறுபடி வருவார்கள். அதனால் பத்திரம் எழுதுகிறவரிடம் போய், என் பாதியில் தப்பிய கடலை உன் பெயருக்கே எழுதிவிட்டேன். ஹம்மாதி சாட்சி. உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, அது வேறு.

மட்டைகளை வெட்டி முற்றத்தில் அடுக்கியிருக்கிறேன், காய்கின்றன. கடல்காரியைக் கேட்காமல் வேலி நடும் வழக்கம் நம் தீவில் இல்லை. நடலாமா என்று அடுத்த படகிலேயே எழுதியனுப்பு.

உன் அண்ணன்,
தய்யிப்