ஏப்ரல் முதல் வாரத்துப் பக்கம்

அனுப்புநர்
இம்கே வியார்டா (வயது 36),
மூன்றாம் ஆண்டுப் பயிற்சியாளர்,
ஊபென் மூக்குக்கண்ணாடிக் கடை,
ஊஸ்டர்மோர், கிழக்கு ஃப்ரீஸ்லாந்து.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
கண்ணாடித் தொழில் தேர்வுக் குழு,
கைத்தொழில் சபை.

பொருள்: முதலாளியின் கையெழுத்து இல்லாத பயிற்சிக் குறிப்பேட்டை ஏற்று, குளிர்காலத் தேர்வு எழுத அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வேலை பார்த்த மீன் டப்பா ஆலை மூடப்பட்டபின், முப்பத்து மூன்றாம் வயதில் திரு. ஹார்ம் ஊபென் அவர்களின் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு வாரமும் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது தாங்கள் வகுத்த விதி. எல்லா வாரத்துக்கும் கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வு இல்லை. என் குறிப்பேட்டில் கடைசி இருபத்தொன்பது வாரங்களுக்குக் கையெழுத்து இல்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31. இன்னும் ஏழே நாட்கள்.

2. சென்ற ஆண்டு சபை விழாவில், 'பயிற்சியாளரால் முதலாளிக்கு வரும் நன்மைகள்' என்ற கட்டுரைக்காக எங்கள் முதலாளிக்கு விருது கொடுத்தீர்கள். மேடையில் தாங்களே அதை வாசித்தீர்கள். ஐயா, அதை எழுதியது நான். "எனக்கு இந்த எழுத்து வேலையெல்லாம் ஆகாதும்மா, நீயே எழுதி என் கையெழுத்தையும் போட்டு அனுப்பிடு" என்றார். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

3. கட்டுரையில் உள்ளது எதுவும் பொய்யில்லை. பயிற்சியாளர் பள்ளியில் கற்ற புதிய முறைகளைக் கடைக்குக் கொண்டுவருவார் என்று எழுதினேன். கண் அளக்கும் புதிய கருவியை இயக்க இன்றுவரை கடையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். முதலாளி இல்லாத நேரத்திலும் கடை நடக்கும் என்று எழுதினேன். குளிர்காலம் முழுவதும் அவர் கூட்டாளிகளோடு சாலையில் பந்துருட்டி விளையாடப் போனபோது கடை நடந்தது. 'நம் கையில் தொழில் கற்றவர் நம்மை விட்டுப் போகமாட்டார்' என்றும் எழுதித் தொலைத்தேன். தேர்வைப் பற்றி வாய் திறந்தாலே அந்த வரியைத்தான் காட்டுகிறார். "நீ எழுதுனதுதானே? நானா எழுதினேன்?"

4. ஏப்ரல் முதல் வாரம், வில்லைகளின் பவர் அட்டையை அவர் இரண்டு முறை தப்பாக வாசித்தார். வற்புறுத்தி உட்காரவைத்து அவர் கண்ணைச் சோதித்தேன். வலக்கண்ணால் எழுத்துப் பலகையின் இரண்டாம் வரியையே படிக்க முடியவில்லை. என் அறிவுக்கு எட்டியவரை அது கண்புரை; அறுவை செய்தால் சரியாகக்கூடியது. மருத்துவரிடம் போகச் சொன்னேன். "ஊருக்கே கண்ணாடி போட்டவன் கண்ணு தெரியாமப் போய் வரிசையில உக்காரணுமாக்கும்" என்று எழுந்துவிட்டார்.

5. செய்த வேலையை உள்ளபடி எழுத வேண்டும் என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். உள்ளபடி எழுதினேன்: 'இந்த வாரம் முதலாளியின் கண்களைச் சோதித்தேன். வலக்கண், இரண்டாம் வரி, முடியவில்லை.' அன்றிலிருந்துதான் அவர் பேனாவைத் தொடவில்லை. நான் செய்த பிழை இதுதான், ஐயா. வேறு யாராக இருந்தாலும் 'கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்தேன்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

6. அவர் சொல்லும் வழி எளியது. "அந்தப் பக்கத்தக் கிழிச்சிடு. மிச்ச வாரத்துக்கெல்லாம் நீயே என் கையெழுத்தப் போட்டுக்கோ, யாரு கேக்கப் போறா?" பக்கங்களுக்கு எண் உண்டு, கிழித்தால் குறிப்பேடு பொய்யாகும். கிழிக்காவிட்டால் தேர்வு இல்லை. ஜனவரியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. சான்றிதழ் இல்லாதவளை வேறு எந்தக் கடையும் எடுக்காது; அவரிடமே கைத்துணையாக இருந்து, அவர் கண்ணாக இன்னும் இருபது ஆண்டு உழைக்க வேண்டியதுதான். விஷயத்தை வெளியே சொன்னால் கடையே போய்விடுமோ என்ற பயம் வேறு. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவிக்கிறேன். எனக்குக் கோபமும் வருகிறது, அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது.

7. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம், "மொதல்ல உக்காரு, ஒரு டீ குடி" என்பார். நம் ஊர் மரியாதை தாங்கள் அறியாததல்ல. போதும் என்று கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கும்வரை ஊற்றுவார்கள். மூன்று கோப்பைக்கு முன் வைத்தால் அவமதிப்பு. மூன்றாவது முடிவதற்குள் யாராவது கண்ணாடி வாங்க வந்துவிடுவார்கள், பேச்சும் போய்விடும். நேற்று முதல் டீயையே கோப்பைக்கு வெளியே ஊற்றினார். மேசையைத் துடைத்தேன். கரண்டியை வெற்றுக் கோப்பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்து இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

8. ஆகவே தாங்கள் இருபத்தொன்பது வாரங்களையும் உள்ளபடியே ஏற்று என்னைத் தேர்வில் உட்கார வைக்க வேண்டும். முடியாது என்றால் அதையாவது 31-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடையைப் பூட்டிவிடாமல், முதலாளியைக் கண் மருத்துவரிடம் போகச் சொல்லித் தாங்களே ஒரு வார்த்தை எழுத வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார்; சபை சொன்னால் கேட்பார். தங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டப்போவதும் நான்தான்.

9. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை ஆண்டாக ஊபென் என்ற கையெழுத்தோடு தங்களுக்கு வந்த கடிதங்கள் அத்தனையும், விருதுக்கு நன்றி சொன்ன கடிதம் உட்பட, அவர் சொல்லி நான் கையெழுத்திட்டவை. அவர் கையெழுத்து எனக்கு அவரைவிட நன்றாக வரும். குறிப்பேட்டில் இருபத்தொன்பது முறை போட்டிருந்தால் தாங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டீர்கள். அந்த இடங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். கீழே உள்ளது என்னுடையது.

இடம்: ஊஸ்டர்மோர்
நாள்: 24 அக்டோபர் 2019

இணைப்பு: பயிற்சிக் குறிப்பேடு, எல்லாப் பக்கங்களுடன்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
இம்கே வியார்டா