உங்கள் இருமலை வைத்து நான் ஜெயித்த போட்டி

அப்பா,

இன்று மூன்றாம் பாடவேளையில் காற்று திசை மாறியது. தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து ஈர விறகின் புகை வகுப்புக்குள் வந்தது. உங்கள் சட்டையில் இருந்த அதே வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீங்கள் போய் ஏழு மாதமாகியும் அது ஆறவில்லை.

போன வருட விவாதப் போட்டியில், மாற்று எரிபொருளுக்கு நாடு அதிக நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் பேச வேண்டியிருந்தது. வாரம் முழுக்கத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், நம் அறையில் சத்தமாகப் பேசிப் பழகினேன். சூரிய மின்சாரம், காற்றாலை என்று அடுக்கும்போதெல்லாம் நீங்கள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து சிரித்தீர்கள்.

"வட்டகொடையில வெயிலு எங்கடி இருக்கு? மூணு நாளா என் சாரமே காயல."

"நாட்டுக் கொள்கை வட்டகொடைக்கு மட்டும் இல்லைங்கப்பா."

"அப்ப இங்க ஏன் கத்துற? கொழும்புல போயி கத்து."

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் போட்டியன்று துவைத்த சட்டையோடு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தீர்கள். முன்வரிசையில் தலைமை விருந்தினராகத் தோட்டத்து மேலாளர், பெரிய தொரை.

எதிரணிப் பெண் எழுந்தாள். "விறகையும் மாற்று எரிபொருள் என்றுதான் சொல்கிறார்கள். நிதி கொடுத்தால் விறகு அடுப்புகள்தான் பெருகும். இவருடைய அப்பாவே பெக்டரி அடுப்புக்கு விறகு போடுகிறவர்தானே?" மண்டபம் சிரித்தது. என் தாளில் அதற்குப் பதில் இல்லை. அத்தனை புத்தகம் படித்தும் விறகும் அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் உங்களை எடுத்தேன். "ஆம். என் அப்பா இருமுவதைக் கேட்டுத்தான் எங்கள் லயம் விழிக்கிறது. அந்தப் புகை வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தொரை மட்டும் கைதட்டாமல் பின்னால் திரும்பி உங்களைப் பார்த்தார். பரிசு எனக்குத்தான்.

மேலதிகாரிகள் வந்தால் நீங்கள் விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் இருமுவீர்கள் என்று அம்மா அதன் பிறகுதான் சொன்னார். போட்டிக்கு மறுநாள், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை உங்கள் பெயரை அடுப்பிலிருந்து எடுத்து, கான் வெட்டும் ஆட்களோடு சேர்த்தார். "ஒடம்புக்கு முடியாதவரு, வெளிக்காத்துல வேல செய்யட்டும்" என்றாராம். வெளிக்காற்று என்றால் மழை. மழையில் நின்று வடிகால் வெட்டிவிட்டு நனைந்து வந்தீர்கள்.

"என் இருமல மேடையில வித்துட்டியே."

"உண்மையத்தானே சொன்னேன்? எத்தன நாளைக்கு ஒளிப்பீங்க?"

"அடுப்ப மூடச் சொல்ற. சரி. அதுக்கு வெறகு போட்ட மனுசன எங்க வைக்கிறதாம்? ஒன் கொள்கையில எழுதியிருக்கா?"

"கொள்கைன்னா என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டது தவறுதான். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் செய்தது என்ன? என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மாதம் அதே மழையில் நின்றீர்கள். நுவரெலியா ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நான் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பெற்ற பிள்ளையிடம் இப்படியா வீம்பு பிடிப்பது? நுரையீரல் எப்போதோ கெட்டுப்போயிருந்தது என்றார் டாக்டர். மழை அதில் எவ்வளவு சேர்த்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் மாகாணப் போட்டி. ஏறக்குறைய அதே தலைப்பு. டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த இருமல் விசயத்த விட்றாத. இப்ப அப்பாவும் இல்ல. நடுவருங்க அழுதுருவாங்க."

தாளில் அந்தப் பகுதியை அவர் முன்னாலேயே கோடு போட்டு அடித்தேன். அடுப்பை மூடினால் அதற்கு விறகு போட்ட மனிதனை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்டதை அந்த இடத்தில் எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு முறைத்தார். "இது எதிரணி கேக்க வேண்டிய கேள்விடி. நீயே கேட்டா பதிலும் நீதான் சொல்லணும்."

புகையில்லாத எரிபொருளுக்குத்தான் நிதி வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். அதில் நீங்கள் சிரித்தது தவறு, இன்றைக்கும் தவறு. ஆனால் மூன்று நாளாகப் புத்தகங்களைப் புரட்டியும் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒருநாள் கண்டுபிடிப்பேன். அன்றைக்கு யாரிடம் வந்து சொல்வது? நீங்கள்தான் வாயை மூடிக்கொண்டு போய்விட்டீர்களே.