ஐந்தாவது நட்சத்திரம்

மார்ச் 4

அக்கா மகளின் குழந்தைக்கு, குண்டு என்று நாங்கள் கூப்பிடுகிறவளுக்கு, முதல் பல் முளைத்திருக்கிறதாம். கார்டு செய்ய எனக்கு வேறு சாக்கு வேண்டுமா? சின்னச் சின்னப் பித்தளை நட்சத்திரம் ஐந்துக்கு நீல மை பூசி, காய்ந்தும் காயாததுமாக அட்டையில் ஒட்டி, கூரியரில் போட்டுவிட்டேன்.

"மேல வார்னிஷ் அடிக்கலையா?" என்றார் அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன்.

"வீட்டுக்குத்தானே, விக்கவா போறேன்?" என்றேன்.

மார்ச் 7

அக்கா மகள் போன் செய்தாள். ஒரே சிரிப்பு. "சித்தி, உங்க கார்டைக் குண்டு சப்பு சப்புன்னு சப்பிட்டா. வாயெல்லாம் நீலம். மை ஒண்ணும் பண்ணாதுல்ல?"

விஷமில்லாத மை என்று புட்டியிலேயே போட்டிருக்கிறது. அதைச் சொன்னேன். படம் அனுப்பினாள். குண்டு நீல வாயோடு சிரிக்கிறாள், பக்கத்தில் கார்டு. நானும் சிரித்தேன்.

மாலை - படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரம் நாலுதான் இருக்கிறது. ஐந்தாவது இருந்த இடத்தில் பசைத் தடம்.

உறைக்குள் உதிர்ந்திருக்கும். கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அப்படித்தான் இருக்கும்.

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். என்னன்னு சொல்றது? எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட் போட்டுத் துடைங்க, இல்லன்னா மையும் நிக்காது பசையும் பிடிக்காதுன்னு ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவ நான். இதைத் துடைச்சேனா? துடைக்கல. முனையை அரம் போட்டு மழுக்கினேனா? ஐயோ, அதுகூட ஞாபகம் வரல்லியே.

மார்ச் 8

விடிந்ததும் நட்சத்திரம் போட்டு வைக்கும் தட்டைக் கொட்டிப் பார்த்தேன். மழுக்கியதும் மழுக்காததும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று விரலில் குத்தி ரத்தம் வந்தது. அப்போதுதான் அக்கா மகளுக்குப் போன் செய்து, படத்தில் ஒரு நட்சத்திரம் குறைகிறது என்றேன்.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

வைத்துவிட்டாள்.

மதியம் அக்கா பேசினாள். "எக்ஸ்ரேல தெரியுதுடி. வயித்துல இருக்கு. தானா வெளிய வந்துரும்ங்கிறார் டாக்டர். வாந்தி எடுத்தா, வயிறு உப்பினா உடனே தூக்கிட்டு வரணுமாம்." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 9

வரவில்லை. போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஐந்து முனை. அந்தச் சின்ன வயிற்றுக்குள் ஐந்து முனை.

மார்ச் 10

வரவில்லை.

மார்ச் 11

வந்துவிட்டது! அக்காதான் சொன்னாள். குழந்தைக்கு ஒன்றுமில்லையாம். உட்கார்ந்து அழுதேன். அவள் மகள் மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 13

நேரில் போனேன். 'வாங்க' என்றாள், அவ்வளவுதான். பஞ்சில் சுற்றி வைத்திருந்த நட்சத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மை சுத்தமாகப் போய் வெறும் பித்தளை. விரலால் தடவினேன். நாலு முனை மழுங்கியிருந்தது. ஐந்தாவது கூர். அந்த ஒன்றுக்கு அரம் படவே இல்லை.

பேசாமல் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"இந்த முனையைத் தொட்டுப் பாரும்மா" என்று நீட்டினேன்.

தொட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. இனி இந்த வாசல்படி ஏற முடியாது என்றே நினைத்தேன்.

பிறகு குண்டைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த பாலைப் பார்க்க உள்ளே போனாள்.

குண்டு என் விரலைப் பிடித்துக் கடித்தாள். இரண்டாவது பல்லும் முளைத்திருக்கிறது.