நாற்பது நாள் மழை

நவம்பர் 10, திங்கள்

இன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: ஏழாம் வகுப்பு ஹஸீனா டீச்சர், என் பேத்தி கார்த்திகா, அவளோடு படிக்கும் ஒரு பையன், அவன் அப்பா கண்ணுச்சாமி, நான். மழையைப் பற்றிய செயல்திட்டத்துக்கு மார்க் போடும் நாள். ராஜபாளையம் கடையில் சொல்லி வரையவைத்து வாங்கிய சார்ட்டை விரித்தேன். மலை, மேகம், மயில், எல்லாம் கலர்.

டீச்சர் பேத்தியைத்தான் பார்த்தார். "இதுல நீ என்ன செஞ்ச?"

அவள் என்னைப் பார்த்தாள்.

பத்துக்கு இரண்டு!

"எம்புட்டு அழகா இருக்கு டீச்சரம்மா, ரெண்டுதானா?"

"அழகு கடைக்காரரோடது பாட்டிம்மா. இவ என்ன படிச்சான்னுதான நான் பாக்கணும்?"

கண்ணுச்சாமி சிரித்தார். மனதில் குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 11

"நான் செஞ்சத நீதான குப்பைன்ன, அம்மாச்சி" என்று கார்த்திகா அழுதாள்.

அவள் எடுத்து நீட்டியவை கிழித்த காலண்டர் தாள்கள். பின்பக்கமெல்லாம் எண்கள். மொட்டைமாடியில் பாட்டில் வைத்து, தினமும் காலையில் ஸ்கேலால் மழையை அளந்திருக்கிறாள். நாற்பது நாள்!

விடுவேனா? என் ஞாபகம் ஊரறிந்தது.

"அக்டோபர் பத்தொன்பது மழையே இல்லட்டி. அன்னைக்கு வத்தல் போட்டேன்."

"விடியக்காலம் நாலு மில்லிமீட்டர். நீ தூங்குன."

அன்று மாடி ஈரமாகத்தான் கிடந்தது. எங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் சுந்தரம்மாள் தண்ணீர் கொட்டிவிட்டாள் என்று ஏசினேன். மூன்று வாரமாக அவளோடு பேச்சில்லை. அது மழையா! நான் தூங்கும்போது வானம் செய்ததைக்கூட ஒரு பிள்ளை எழுதி வைத்திருக்கிறதே.

நவம்பர் 12

தாள்களை நீவி, நானே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காத்துல பாட்டில் சாஞ்சிருந்தா என்ன பண்ணுவ?"

"ஒரு நாள் சாஞ்சிருச்சு டீச்சர். அன்னைக்கு அளவு தப்புன்னு எழுதிட்டேன்."

அதற்கும் மார்க் உண்டாம்! தப்பைத் தப்பென்று எழுதியதற்கு! நான் படித்த மூன்று வகுப்பிலும் தப்புக்கு அடிதான் விழுந்தது. இப்படியும் ஒரு பள்ளிக்கூடமா?

நவம்பர் 13

பத்துக்கு எட்டு. நாற்பதில் ஆறு நாள் பாட்டில் காணோம், அளவும் இல்லை. வேறு பாட்டில் வைத்திருக்கலாமே என்று டீச்சர் இரண்டைக் குறைத்துவிட்டார். நியாயம்தான்.

சுந்தரம்மாளிடம் நானே போய்ப் பேசினேன். கண்ணுச்சாமி சிரித்ததும் போகட்டும். கடைச் சார்ட் வாங்கிய என்னையும் மன்னித்துவிட்டேன். அந்தப் பாட்டிலைக் கேட்காமல் எடுத்துப்போய், ஆறு நாள் அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தாளே என் நாத்தனார் செல்லத்தாய் — அவளை மட்டும் மாட்டேன்.