வீட்டிலை கதைச்சிட்டு வாங்கோ

8.2.1994, செவ்வாய்
இரத்தச் சோதனையின் மறுமொழி கொழும்பிலிருந்து வர ஆறு கிழமை எடுத்தது. நாலுக்குள் இருக்கவேண்டிய அளவு எனக்குப் பதினெட்டாம். டொக்டர் விரலால் பார்த்தபோது சலப்பைக்குக் கீழே இருக்கிற புரொஸ்ரேற் சுரப்பியில் ஒரு கட்டியும் தடக்கியதாம்.

“புற்றுநோயோ, டொக்டர்?”

“சின்னத் துண்டு ஒண்டு எடுத்துச் சோதிச்சால்தான் சொல்லலாம். எடுத்தால் ரத்தம் போகும், கிருமி தொத்தவும் கூடும். மருந்துத் தட்டுப்பாடு தெரியும்தானே. வீட்டிலை கதைச்சிட்டு வாங்கோ.”

ஆஸ்பத்திரியிலிருந்து புத்தூர் வந்து சேர மூன்று தரம் சைக்கிளால் இறங்கிச் சலம் போக ஒதுங்க வேண்டியிருந்தது. வீட்டில் என்னத்தைக் கதைக்கிறது?

9.2
பராசக்தியிடம் சலரோகம், சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்து வருத்தத்தைக் கட்டின மனிசியிடம் எப்படிச் சொல்வது?

14.2
விடிந்ததும் ஒரு பேணி பாகற்காய்ச் சாறு. “மூச்சைப் பிடிச்சுக்கொண்டு குடியுங்கோ, சலரோகத்துக்கு நல்லது.” குடித்தேன். பொய்க்குத் தண்டனை.

2.3
துண்டு எடுக்க வேண்டாம். முடிவு.
வயது அறுபத்தாறு. சண்டைக்குப் பயந்து கீரிமலை வீட்டை விட்டு ஓடிவந்து நாலாவது வருடம். இந்த ஒற்றை அறையில் இருந்துகொண்டு இன்னும் எத்தனையைத்தான் தாங்குவது? புற்றுநோய் என்றால் விதையை எடுத்துவிடுவார்களாம் — அதற்கோ அறியவேண்டும்? களைத்துப் போனேன்.

19.3
காலையிலிருந்து சலம் போகவில்லை. வயிறு கல்லு மாதிரி. மத்தியானம் சொட்டுச் சொட்டாய்ப் போகத் தொடங்கியபோது வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பராசக்தி கண்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், அவள் முகத்தைப் பாராமல்.

“ஒரு மாசமா அந்தக் கசப்பைக் குடிச்சியள். இதைச் சொல்லேலாமல் போச்சோ?”

“கத்தி வைச்சால் பரவுமெண்டு சனம் சொல்லுது.”

“சனமே உங்களைப் பாக்கப்போகுது? நான்தானே. என்ன வருத்தமெண்டு தெரியாமல் நான் எதைப் பாக்கிறது?”



22.3
அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டொக்டர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். “ஓம், எடுங்கோ” என்றேன்.
எடுத்த இடத்து நோவு சொல்லி முடியாது. மண்ணெண்ணெயில் ஓடும் மினிபஸ்ஸில் ஒரு பக்கமாய்ச் சரிந்திருந்து வந்தேன்.

29.3
ஆறு நாள் காய்ச்சல். இன்றுதான் விட்டது.

24.5
மறுமொழி வந்துவிட்டது. புற்றுநோய்தான். எலும்புக்குப் போன அறிகுறி இல்லையாம். வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை. விதையை எடுக்கத்தான் வேண்டும். கையெழுத்துப் போட்டேன். பயம் இல்லை என்று பொய் எழுதமாட்டேன்.

மறுமொழிக் கடிதம் இங்கிலீசில் இருந்தது. வாசித்துச் சொல்லும்படி பராசக்தி கேட்டாள். ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். கேட்டு முடித்து எழும்பி அடுப்படிக்குப் போனாள்.

கலியாணம் முடித்து முப்பத்தெட்டு வருடம். எனக்குச் சோறு போட்டு, நான் கை கழுவிய பிறகுதான் அவள் சாப்பிடுவாள். இன்று தன் சோற்றுக் கோப்பையையும் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“நானும் இப்பவே சாப்பிடுறன்” என்றாள்.