ஃபோய்க்கு விசா கிடைக்கவில்லை என்று சொன்னாயே

பாவ்நகர்,
செவ்வாய்க்கிழமை

மௌலிக், ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. கனடாவில் குளிர் குறைந்திருக்கும், உன் முதுகுவலியும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் கோபமும் நல்ல சுகத்தோடுதான் இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் "மம்மி, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், முழுக்கப் படி.

தீபாவளியன்று வீடியோவில் நீயாகத்தான் சொன்னாய், வியட்நாமுக்கு மலிவாக டிக்கெட் வருகிறது, கோவாவுக்குப் போகிற செலவில் போய் வரலாம், மம்மி, பப்பா, ஃபோய் மூன்று பேரும் தயாராகுங்கள் என்று. நாங்கள் யாரும் கேட்கவில்லை. உன் பப்பாவின் அக்காவான ஃபோய்க்கு இத்தனை வயதில் முதல்முறையாக பாஸ்போர்ட் எடுத்தோம். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு அவர் கடலைமாவில் காட்டியா பொரித்துக் கொடுத்து, "திரும்பி வந்துடுவேன் சாகேப், ஓடிப்போற வயசில்ல" என்று சொல்லி அந்த மனிதரைச் சிரிக்க வைத்தார். கால் பழகட்டும் என்று பில் கார்டனைத் தினமும் சுற்றினார். பஜனைக்கு வருகிற பெண்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒருநாள் நீ போன் செய்து, எங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது, ஃபோய்க்கு மட்டும் கிடைக்கவில்லை, அந்த நாட்டுக்காரர்கள் காரணம் சொல்வதில்லை என்றாய். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! நான் நம்பினேன். ஃபோயும் நம்பினார். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏன் தக்ஷா, புருஷன் இல்லாதவள்னு வேண்டாம்னுட்டாங்களா?" என்று கேட்டார். நீ அந்த முகத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பஜனைக்குப் போவதை நிறுத்திவிட்டார், யாராவது கேட்பார்களாம். ஆனாலும் நாங்கள் அங்கே பட்டினி கிடக்கக் கூடாது என்று எங்களுக்காகத் தேப்லாவும் சுக்டியும் செய்ய ஆரம்பித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. டிராவல்ஸ்காரரிடம் போய் ஃபோய்க்கு இன்னொரு முறை விசா போடலாமா என்று விசாரிக்கக் கிளம்பினேன். உன் பப்பா வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "விடு தக்ஷா, வெயில்ல எதுக்கு அலையற" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அதற்கு மேல் அவரால் முடியவில்லை, "மௌலிக் அக்காவுக்கு விசாவே போடலை" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது ஆள் வந்தால் இன்னொரு ரூம் எடுக்க வேண்டும், ஃபோயால் நடக்க முடியாது, மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் தேட வேண்டும், உங்கள் பயணமே கெட்டுவிடும் என்று நீ சொன்னாயாம், பப்பாவும் சரி என்றாராம். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து நல்ல திட்டம்தான் போட்டிருக்கிறீர்கள்! நான் தபால் ஆபீஸ் வேலைக்கு ஓடிய காலமெல்லாம் உன்னைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பிய மனுஷிக்கா இன்னொரு ரூம் பாரமாகிவிட்டது?

ஃபோய் அடுப்படியில் இருந்தார், எல்லாம் காதில் விழுந்துவிட்டது. அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உன் பப்பாவைப் பார்த்து, "பிகு, நான் கேக்கவே இல்லையே. நீங்களாத்தானே வான்னு சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான்.

நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு ரூமுக்கு இரண்டு பேர் என்பதுதானே உன் கணக்கு, அந்த இரண்டு பேர் நானும் ஃபோயும் என்றேன். ஃபோய் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தார், "அவனை விட்டுட்டு நான் எப்படிப் போறது" என்றார். நான் விடவில்லை. விசா போட்டோம், எந்தத் தகராறும் இல்லாமல் வந்தது. ஃபோய்க்குப் புது டிக்கெட் எடுத்தோம், பப்பாவின் டிக்கெட் வீணாகத்தான் போனது. அவர் வீட்டில் கிச்சடி கிண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், நீ பயந்தது எல்லாம் நடந்தது. வியட்நாமில் தா நாங் ஊரில் ஃபோய் மெதுவாகத்தான் நடந்தார், பாத்ரூம் தேடினோம், நீ எழுதிக் கொடுத்ததில் பாதி இடத்தைப் பார்க்கவில்லை. அதனால் என்ன? ஒரு கடையில் ஃபோய் சாயா குடிக்கலாம் என்று "சாய், சாய்" என்று கேட்டார், அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கீரை போட்ட நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் பேச்சில் சாய் என்றால் சைவமாம். அப்புறம் ஃபோய் போன இடமெல்லாம் தைரியமாகச் "சாய்" என்று சொல்லிச் சாப்பிட்டார். பக்கத்து ஊரான ஹோய் ஆனில் கூடை மாதிரி வட்டமான படகில் ஏற்றிச் சுற்றிவிட்டார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஃபோய் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் சுத்தச் சொல்லு தக்ஷா, இன்னும்!" என்று கத்தினார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இதைத்தான் நீ வேண்டாம் என்று அடித்துவிட்டாய்.

திரும்பி வந்த பிறகு ஃபோய் பஜனைக்குப் போனார், நானும் கூடப் போனேன். விசா கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டோமே, எப்படிப் போனாய் என்று கேட்டார்கள். ஃபோய் கொஞ்சமும் தயங்காமல், "அந்த சர்க்கார்காரங்க முதல்ல ஏதோ தப்பு பண்ணிட்டாங்க. எங்க மௌலிக் கனடாவிலிருந்தே சண்டை போட்டு வாங்கிக் கொடுத்துட்டான்" என்றார். எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவரை எப்படிப் பொய்யாக்குவது?

அவர் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதனால் தப்பித்தோம் என்று நினைக்காதே. இது கையில் கிடைத்ததும் போன் செய், என்னிடம் இல்லை, ஃபோயிடம். செய்ததை உன் வாயால் சொல். அவர் பரவாயில்லை என்பார், அதைக் கேட்டு உடனே வைத்துவிடாதே. முதுகுக்குச் சொன்ன பயிற்சியை விடாமல் செய், வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே. தாகோர்ஜி உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், புத்தியை முதலில் தரட்டும்.

கோபம் இன்னும் தீராத
உன் மம்மி,
தக்ஷா