அண்ணனோட மோட்டார் கோச்

ஆக. 3, ஞாயிறு

காலையில் வெயில், நாலு மணிக்கு மேல் நல்ல மழை. டவுனுக்குப் போய் அண்ணியைப் பார்த்தேன். அண்ணனுக்கு வருஷ திதி வருகிற சனிக்கிழமை. வாங்க வேண்டியது: பூசணிக்காய், வாழைக்காய், நல்லெண்ணெய், அண்ணனுக்குப் பிடித்த காராசேவு.

கிளம்பும்போது அண்ணி பீரோவைத் திறந்து ஒரு ஷூ டப்பாவைக் கொடுத்தார். உள்ளே பழைய பனியன் துணியில் சுற்றி மோட்டார் கோச். அண்ணன் மெட்ராஸில் வேலை பார்த்தபோது தினமும் ஏறி இறங்கிய மீட்டர் கேஜ் மின்சார வண்டியின் மாடல். பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒட்டி அவரே செய்தது. ஒரு சாண் நீளம்.

"அவரு போனதுலேர்ந்து பொட்டியிலயே கெடக்குது தம்பி. படையலன்னிக்கு அவரு முன்னாடி ஓடணும். பாத்து பண்ணிக் குடுங்க."

சரி அண்ணி என்றேன்.

ஆக. 4, திங்கள்

ஆபீஸில் மனசு ஒட்டவில்லை. வந்ததும் வண்டியைத் திறந்தேன். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி. துடைத்து எண்ணெய் விட்டதும் சுற்றுகிறது.

சிக்கல் வேறு. அண்ணன் ட்ராக்கின் அகலம் 12 மி.மீ., என்னுடையது 16.5. அவர் மீட்டர் கேஜ், நான் பிராட் கேஜ். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் வண்டி இன்னொருத்தர் ட்ராக்கில் ஏறியதே இல்லை. "வாங்க பிராட் கேஜ்காரரே"னு வாசலிலேயே கிண்டலை ஆரம்பித்துவிடுவார்.

ட்ராக் பதித்த அவர் பலகை இப்போது இருக்காது. மாடி ரூமைக் காலி பண்ணி வாடகைக்கு விட்டாச்சு என்று அண்ணி போன மாசம் சொன்னார். பலகை என்ன ஆச்சு என்று கேட்க தைரியம் வரவில்லை. பழைய சாமான்காரனுக்குப் போட்டாச்சு என்று சொல்லிவிட்டால்?

அதனால் முடிவு: சக்கரங்களுக்கு நடுவே இடைவெளியை அகலப்படுத்துவது. என் ட்ராக்கை எடுத்துப் போய் அங்கே ஓட்டுவது.

ஆக. 5, செவ்வாய்

புழுக்கம். தேரடிப் பக்கம் சைக்கிள் கடை. நீளமான அச்சுக்கு ஸ்போக் கம்பிதான் சரியான கனம்.

"எந்த சைக்கிளுக்கு சார்?"

"ரயிலுக்குங்க."

கடைக்காரர் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே ஒரு கம்பியை உருவினார். "காசெல்லாம் வேணாம், எடுத்துனு போங்க."

சக்கரங்களைத் தட்டிக் கழற்றும்போது பழைய அச்சு வளைந்துபோயிற்று. இனி அது எதற்கும் உதவாது. ஸ்போக்கை அறுத்துப் புது அச்சு. கலா வந்து நின்றாள். "சாப்பாடு ஆறிப் போவுது. உங்க அண்ணன் எங்க ஓடிடப் போறாரு?" சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்று இருந்திருக்கும். தட்டை வைத்துவிட்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆக. 6, புதன்

தள்ளி மாட்டிய சக்கரம் பக்கத் தகட்டில் இடிக்கிறது. சக்கரத்துக்கு வெளியே ஸ்பிரிங், போல்ட் எல்லாம் தெரிகிற மாதிரி அண்ணன் செய்த பித்தளைத் தகடு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஈயத்தில் ஒரு பொட்டு. கண் ஆபரேஷனுக்கு முந்தி, லென்ஸைப் பிடித்துக்கொண்டு வைத்தது. அறுக்காமல் வழியில்லை.

ரம்பத்தை எடுத்தேன். கீழே வைத்துவிட்டுப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்து எடுத்தேன்.

அறுத்தாச்சு. அழுகை வந்துவிட்டது. ஆபீஸுக்கு லீவு.

ஆக. 8, வெள்ளி

பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியேயே நிறுத்தம், எங்கே பார்த்தாலும் கிரிவலக் கூட்டம்.

வண்டி ஓடிற்று! என் ட்ராக்கில், எங்கேயும் நிற்காமல். சுற்றச் சுற்றப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் ஒருவழியாக என் ட்ராக்குக்கு வந்துவிட்டார் என்று ஒரு சந்தோஷம். திதிக்கு முந்தின நாள் இதென்ன சந்தோஷம் என்று வெட்கமாகவும் இருந்தது.

நாளைக்கு: வண்டி (டிபன் டப்பாவில்), ட்ராக் ஒரு வட்டம், கன்ட்ரோலர், வயர், காராசேவு.

ஆக. 9, சனி

மூடின வானம். கிரிவலம் முடிந்து திரும்புகிற கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நானும் கலாவும் நடை.

ஹாலில் அண்ணன் படம், மாலை, முன்னால் தலைவாழை இலை. இலைக்குப் பக்கத்தில் அண்ணனுடைய பலகை. ட்ராக் முழுசாக, தூசி இல்லாமல்.

"கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன் தம்பி. வெள்ளிக்கிழம ஆனா தொடச்சிடுவேன்." அப்புறம் என் பையைப் பார்த்து, "இதெல்லாம் என்னாத்துக்கு?"

சொன்னேன். வண்டியைக் கையில் கொடுத்தேன். அண்ணி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இங்க பொட்டு பொட்டா இருக்குமே?"

"அறுத்துட்டேன் அண்ணி."

வடை கருகுது என்று உள்ளே போய்விட்டார். அடுப்பில் வடையே இல்லை, எல்லாம் இலையில் இருந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓடணும் என்று சொன்னது அண்ணி. என் ட்ராக்கில் ஓடணும் என்று ஆசைப்பட்டது நான்.

அண்ணனுடைய குறடு அலமாரியிலேயே இருந்தது. அதே ஸ்போக் கம்பியில் சக்கரங்களை உள்ளே தள்ளித் தள்ளி 12-க்குக் கொண்டுவந்தேன். கம்பி முனை ரெண்டு பக்கமும் துருத்திக்கொண்டு அசிங்கமாக இருந்தது. வெட்ட நேரமில்லை. காக்காய்க்குச் சோறு வைக்க எல்லோரும் காத்திருந்தார்கள்.

கற்பூரம் ஏற்றியதும் கன்ட்ரோலரை அண்ணியிடம் கொடுத்தேன். கிளம்பிற்று. அதே இரைச்சல். பாதி வட்டம் போய் வளைவில் நின்றுவிட்டது.

கம்பி எங்கேயோ தட்டுகிறது என்று நினைத்து கையை நீட்டினேன்.

"இல்ல தம்பி, எப்பவும் அங்கதான் நிக்கும். அவரு விரலால லேசா தள்ளுவாரு."

தள்ளப் போனேன்.

"வேணாம். நிக்கட்டும்."